துணியில் ஏறிய மோட்டார்

இந்த மூட்டை உங்க காலை இடிக்குதாம்மா? கொஞ்சம் பொறுத்துக்கோங்க. மேல தட்டுல வைங்கன்னு கண்டக்டர் சொல்லிப் பாத்துட்டாரு, நான்தான் கேக்கல. உள்ள இருக்கிறது துணிதான். ஆனா உடுத்துற துணி இல்ல, சுவத்துல மாட்டிப் பாக்குற துணி. நாளைக்குக் காலையில சென்னையில ஒரு கண்காட்சி. அங்க இது தொங்கணும். இதுல ஒரு மூலை இருக்கு பாருங்க, அந்த மூலையைப் பிரிச்சு எடுத்துட்டுத் தொங்கவிடறதா, இருக்கிறபடியே விட்டுடறதான்னு மதுரை மாட்டுத்தாவணியில ஏறினதுலேர்ந்து மண்டையப் போட்டு உடைச்சுக்கிட்டு வர்றேன். நூல் வெட்டுற கத்தரி கைப்பையிலேயே இருக்கு. இன்னும் எடுக்கல.

நான் டெக்ஸ்டைல் ஆர்டிஸ்ட். இதைச் சொன்னதும் நீங்க தலையாட்டினீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம். எங்க தெருவுல சொன்னா, "அப்படின்னா சேலைக்கு ஃபால்ஸ் தைப்பீங்களா?"ன்னு கேப்பாங்க. தைச்சும் குடுத்திருக்கேன், என்ன பண்ண. திலகராணின்னு என் பேரு தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது. "மாடி வீட்டுத் தையக்காரம்மா". அவ்வளவுதான்.

ஊசியும் நூலும் வெச்சு சமுதாயத்தைத் திருத்தணும், இதுதான் என் ஆசை. அதுக்கு என்ன வரவேற்பு கிடைச்சுதுன்னு கேளுங்க. வரதட்சணையை எதிர்த்து ஒரு துணி பண்ணினேன். தராசு, அதுல ஒரு தட்டுல பொண்ணு, இன்னொரு தட்டுல பைக்கு, பீரோ, கட்டிலு. ராத்திரி பகலா தைச்சு, என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் பரிசா குடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூஞ்சியில அடிக்கிற மாதிரி இருக்கட்டும்னு. மறுமாசம் போய்ப் பாத்தா அதை ஃப்ரிட்ஜுக்கு மேல விரிச்சிருக்காங்க. "அளவு எடுத்த மாதிரி இருக்கு அத்தை"ங்கிறா அந்தப் பொண்ணு. ஃப்ரிட்ஜும் எங்க ஆளுங்க குடுத்த சீர்தான். அதோட விட்டேனா? பிளாஸ்டிக் ஒழிப்புக்காகப் பால் பாக்கெட்டைச் சேத்து ஒரு சேலை தைச்சேன். பாக்கெட்டைச் சரியா அலசாம விட்டுட்டேன் போல. ஒரு காலேஜ்ல கண்காட்சி திறந்து வெச்ச அன்னிக்கு மத்தியானமே மதுரை எறும்பு மொத்தமும் வந்து பாத்துட்டுப் போச்சு. அந்த வருஷம் என் கலைக்கு வந்த பெரிய கூட்டம் அதுதான்.

சரி, இந்தத் துணிக்கு வர்றேன்.

எங்க தெருக்கோடியில ஒரு குழாய் இருக்கும்மா. கார்ப்பரேஷன் தண்ணி தினமும் வராது. வர்ற அன்னிக்கு விடிகாலையில வரும், ஒரு மணி நேரம் வந்தா அதிசயம். அதுக்கு முந்தின நாள் பொழுது சாயுறப்பவே குடங்களைக் கொண்டாந்து வரிசையில வெச்சிருவாங்க. ஆள் நிக்க வேணாம், குடம் நிக்கும். எல்லாம் கடையில வாங்கின பிளாஸ்டிக் குடம், ஒண்ணு மாதிரியே ஒண்ணு. அடையாளத்துக்குக் கழுத்துல ஒரு துணிக் கிழிசலைக் கட்டிவிடுவாங்க. பழைய சேலையில கிழிச்சது, மகனோட யூனிஃபார்ம்ல கிழிச்சது, ஜைத்தூன் வீட்டுக் குடத்துல மட்டும் பச்சை ஜரிகை ரிப்பன். அந்தக் கிழிசல்தான் அந்தக் குடத்துக்குப் பேரு. ஒருத்தர் குடத்தை இன்னொருத்தர் தொட மாட்டாங்க. தொட்டா அன்னிக்குத் தெருவே ரெண்டாயிரும்.

எனக்கு இது மாடி ஜன்னல்லேர்ந்து நல்லாத் தெரியும். கையில காப்பியோட நின்னு பாப்பேன். என்னா அழகும்மா! கழுத்துல துணி கட்டின குடங்க, பாக்க ஆளுங்களே குத்தவெச்சு உக்காந்திருக்கிற மாதிரி. அப்புறம் தண்ணி வரும், சனங்க வரும். அந்த வரிசை நகரவே நகராது. ஒரு குடம் நிறையிறதுக்குள்ள ஒரு யுகம் போயிரும். எவ்வளவு மெதுவா வருது தண்ணி, இந்தப் பொம்பளைங்க பொறுமையைப் பத்தி யாராவது பேசினாங்களான்னு தோணும். கீழ எங்க வீட்டு மோட்டார் ஓடுற சத்தம்கூட என் காதுல விழாது, அப்படி ஒன்றிப் போயிருவேன்.

இதைத்தான் தைக்கணும்னு முடிவு பண்ணினேன். ஒவ்வொரு வீடா போய், "உங்க குடத்துல கட்டின துணியில ஒரு துண்டு குடுங்க"ன்னு கேட்டேன். எதுக்குன்னு கேட்டாங்க. உங்க கஷ்டத்தை உலகத்துக்குக் காட்டப் போறேன்னேன். பஞ்சவர்ணம் அக்கா இருக்காங்க, பூக்கட்டி விக்கிறவங்க, தெருவுக்கே நாட்டாமை மாதிரி. அவங்க என்னை ஒரு மாதிரியாப் பாத்துட்டு, "எங்க கஷ்டத்தையா? நீயா?"ன்னு கேட்டாங்க. அந்த "நீயா"வை நான் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன். அப்படித்தான் நம்ம புத்தி.

தைச்சேன். நாலு மாசம். கீழ கட்டாந்தரை நிறத்துல கதர், மேல வரிசையா குடம், ஒவ்வொரு குடத்துக் கழுத்துலயும் அந்தந்த வீட்டுத் துணி, நிஜத் துணி. "தாகத்தின் வரிசை"ன்னு பேரு வெச்சேன். பேரைச் சொன்னதும் எனக்கே புல்லரிச்சுது. அப்புறம் தெருவையே வீட்டுக்குக் கூப்பிட்டு, கேசரி கிண்டி, துணியை ஹால்ல மாட்டிக் காட்டினேன். யாராவது அழுவாங்கன்னு நெனச்சேன். டிஷ்யூ டப்பாவெல்லாம் எடுத்து வெச்சிருந்தேன்னா பாத்துக்கோங்க.

யாரும் அழல. ஜைத்தூன் கிட்ட வந்து உத்துப் பாத்துட்டு, "என் குடம் ஏன் செண்பகத்துக்குப் பின்னாடி நிக்குது?"ன்னுச்சு.

அவ்வளவுதான். கேசரித் தட்டைக் கீழ வெச்சுட்டு எல்லாரும் அவங்கவங்க குடத்தைத் தேட ஆரம்பிச்சுட்டாங்க. நான் என்ன பண்ணியிருந்தேன்னா, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கணும்னு கலர் பாத்து அடுக்கியிருந்தேன். மஞ்சள் பக்கத்துல நீலம், நீலம் பக்கத்துல ஆரஞ்சு. செண்பகத்தோட துணி நல்ல மாந்துளிர் கலரு, அதை முதல்ல வெச்சாத்தான் கண்ணு அங்கேர்ந்து நகரும்னு அதை முதல்ல வெச்சேன். செண்பகம் போன ஆடிக்கு அப்புறம் குடிவந்த பொண்ணு. வரிசையில கடைசி இடம். அந்தத் தெருவுல ஒரு இடம் முன்னாடி வர்றதுக்கு யாராவது வீடு காலி பண்ணிட்டுப் போகணும், இல்ல போய்ச் சேரணும். அது எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் என்னிக்குக் குடம் வெச்சேன்?

செண்பகம் போன்ல ஒரு படம் எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. அடுத்த தடவை தண்ணி வர்றதுக்கு முந்தின நாள், தன் குடத்தைக் கொண்டுபோய்க் குழாய்க்கு அடியில முதல் குடமா வெச்சிருச்சு. கேட்டா, போனை நீட்டுது. "மாடி வீட்டுத் தையக்காரம்மாவே போட்டிருக்காங்க, படிச்சவங்க, சும்மா போடுவாங்களா?"ங்குது. ஆத்தாடி, அன்னிக்கு நடந்த சண்டை! ஒரு குடம் உடைஞ்சுது, ஒரு வளையல் உடைஞ்சுது, தண்ணி நின்னுபோன அப்புறமும் சண்டை நிக்கல. என் வாழ்நாள்ல என் கலை சமுதாயத்துல உண்டாக்கின ஒரே மாற்றம் அதுதாம்மா.

சாயங்காலம் பஞ்சவர்ணம் அக்கா ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாங்க. "இந்தா பாரு தாயி, அதைப் பிரிச்சு ஒழுங்கா வரிசைப்படி தைய்யி. இல்லேன்னா எங்க துணியைத் திருப்பிக் குடு." நான் பெரிய இவ மாதிரி, கலைஞனுக்குச் சுதந்திரம் வேணும், அது உங்க தெரு இல்ல, என் மனசுல இருக்கிற தெருன்னு என்னென்னமோ சொன்னேன். "உன் மனசுல இருக்கிற தெருவுல எவ வேணா முதல்ல நிக்கட்டும், என் சேலையைக் கிழிச்சு எதுக்கு அங்க கட்டினே?"ன்னாங்க. எங்க வீட்டுக்காரர் உள்ள இருந்துக்கிட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சாரு. அதுதான் அவர் எனக்குக் குடுத்த ஆதரவு.

அப்பதான் எனக்கு ஒரு யோசனை. இப்பல்லாம் இதுக்கு நல்ல மரியாதை இருக்கு தெரியுமா, மக்களே சேர்ந்து பண்ற கலைன்னு. சரிங்கக்கா, நீங்களே வாங்க, நீங்களே பிரிங்க, நீங்களே தைங்கன்னுட்டேன். வந்தாங்க. மத்தியானம் மத்தியானம் ஹால்ல துணியை விரிச்சுப் போட்டுச் சுத்தி உக்காந்து தைச்சாங்க. ஓட்டுத்தையல்தான், ஆனா கை என்னா வேகம்! பேச்சு, சிரிப்பு, ஒருத்தரை ஒருத்தர் ஓட்டுறது. செண்பகத்தைக் கொண்டுபோய்க் கடைசியில தைச்சாங்க, அந்தப் பொண்ணு கையாலேயே தைக்க வெச்சாங்க. நான் என்ன பண்ணினேன்? சுத்திச் சுத்தி வந்து போட்டோ எடுத்தேன். சென்னையில கண்காட்சி நடத்துற மிருணாளினி மேடத்துக்கு அனுப்பிக்கிட்டே இருந்தேன். அவங்க என்ன தைக்கிறாங்கன்னு குனிஞ்சு பாக்கத் தோணல. வெளிச்சம் சரியா விழுதான்னு பாத்தேன்.

ஒரு நாள் மேடம் போன் பண்ணினாங்க. "திலகராணி, அந்த வலது பக்க மூலை! அதுதான் இந்த வேலையோட உயிரே! அந்தப் பூப்போட்ட பெட்டி, அதுலேர்ந்து வரிசைக்கு அடியில ஓடுற நீல நூல்... என்ன துணிச்சல் உங்களுக்கு!" எனக்கு ஒண்ணும் புரியல. "ஆமா மேடம், துணிச்சலாத்தான் பண்ணினேன்"னுட்டு, போனை வெச்சுட்டு ஓடிப்போய்ப் பாத்தேன்.

மூலையில எங்க வீடு. மாடி, ஜன்னல், ஜன்னல்ல கையில டம்ளரோட ஒரு பொம்பளை. கீழ ஒரு பெட்டி, அதுக்கு மேல பூப்போட்ட உறை. அந்தப் பெட்டியிலேர்ந்து ஒரு நீல நூல் கிளம்பி, அத்தனை குடத்துக்கும் அடியில ஓடி, தெருக்குழாய் வரைக்கும் போகுது.

அந்த உறை நான் தைச்சதும்மா. நிஜ மோட்டாருக்குத் தைச்சது. கார்ப்பரேஷன் லைன்லயே நேரா மாட்டி உறிஞ்சுற மோட்டாரு. இவரு மாட்டினது. சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு நான்தான் பஞ்சு வெச்சு, மெத்தை மாதிரி அடிச்சு, மேல பூப்போட்ட சீட்டித்துணி போட்டு உறை தைச்சேன். நான் தைச்சதுலேயே ஒழுங்கா உபயோகப்பட்டது அது ஒண்ணுதான்னு இவரு கிண்டல் பண்ணுவாரு. கையலம்பப் பின்பக்கம் போனப்ப அவங்க பாத்திருக்காங்க. பாக்கலேன்னாலும் அவங்களுக்குத் தெரிஞ்சுதான் இருக்கு. நாங்க மோட்டார் போட்டதும் தெருக்குழாய் புஸ்ஸுன்னு காத்து விடுமாமே. வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்காங்க.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! நேரா பஞ்சவர்ணம் அக்கா பூக்கட்டுற இடத்துக்கே போயிட்டேன். அக்கா, இது நியாயமா, என் வீட்ல உக்காந்து என் காப்பியைக் குடிச்சுட்டு என்னையே தைச்சு வெச்சிருக்கீங்க, இதைப் பிரிச்சுக் குடுங்கன்னேன். அவங்க தலையை நிமித்தக்கூட இல்ல. கையில பூ ஓடிக்கிட்டே இருக்கு. "பிரிச்சுட்டாப் போச்சு. நீ வீட்ல இருக்கிறதைக் கழட்டு, நாங்க துணியில இருக்கிறதைப் பிரிச்சிர்றோம். நாங்க தைச்சது, நாங்களே வந்து பிரிப்போம். நீ கை வெக்காதே"ன்னாங்க. அவ்வளவுதான் பேச்சு.

நியாயமாப் பாத்தா நான் அன்னிக்கே கழட்டியிருக்கணும், இல்லையா? ஆனா யோசிச்சுப் பாருங்க. மேடம் அந்த மூலையைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. அழைப்பிதழ்லயே அந்த மூலையைத்தான் பெருசாப் போட்டிருக்காங்க. "தன்னைத்தானே கூண்டில் ஏற்றிக்கொள்ளும் கலைஞர்"னு கீழ எழுதியிருக்கு. இந்தாங்க, பாருங்க. ஒரு பேப்பர்லேர்ந்து பேட்டி எடுக்கக்கூட வர்றாங்களாம். இத்தனை வருஷத்துல யாராவது என்னைப் பேட்டி எடுத்தாங்களா? எறும்பு மருந்துக்காரன்கூட எடுக்கல. மோட்டாரைக் கழட்டிட்டா என்னம்மா ஆகும்? இந்த மூலையைப் பிரிக்கணும். சரி, பிரிக்காமலேயே தொங்கவிட்டா? இல்லாத மோட்டாரை இருக்கிறதா காட்டின மாதிரி ஆயிரும். அப்ப அது பொய். நான் கலையில பொய் சொல்ல மாட்டேன். அதனால கலையோட உண்மைக்காகவாவது மோட்டார் அங்க ஓடித்தான் ஆகணும். இப்படி ஒரு முடிவுக்கு வந்தேன். நீங்க சிரிக்கிறீங்க. நான் இதை ராத்திரி இவருகிட்ட சொன்னப்ப இவரும் சிரிச்சாரு.

ஆனாலும் மனசு ஒரு பக்கம் உறுத்துது. அவங்க பாட்டுக்கு ஜன்னல்ல நிக்கிற பொம்பளைக்கு மூஞ்சிகூட தைக்கல. வெறும் வட்டம். அதைப் பாத்தாத்தான் என்னமோ பண்ணுது. அதுக்குத்தான் கத்தரியை எடுத்துட்டு வந்தேன். மேடம்கிட்ட, வர்ற வழியில பிஞ்சுபோச்சுன்னு சொல்லிரலாமான்னு...

இருங்க, போன். இவருதான். ஒரு நிமிஷம்மா.

ஹலோ. சொல்லுங்க. பஸ்ஸுலதான், திருச்சி தாண்டியாச்சு. சாப்பிட்டேன். என்னது? சரியாக் கேக்கல. எதைக் கழட்டிட்டீங்க?

மோட்டாரையா?

யாரைக் கேட்டுக் கழட்டினீங்க? பேப்பர்ல படம் வந்துச்சுன்னா கார்ப்பரேஷன்காரன் வந்துருவானா? ஏங்க, இத்தனை வருஷம் வராத பயம் இன்னிக்குத்தான் வரணுமா? நாளைக்குக் கண்காட்சிங்க! பேட்டி எடுக்க வர்றவங்க, மோட்டார் இப்பவும் இருக்கான்னு கேட்டா நான் என்ன சொல்றது? ஐயோ, உங்களுக்குப் புரியாதுங்க. சரி, இப்ப ஒண்ணும் கெட்டுப் போகல. திரும்ப மாட்டுங்க. ஒரே ஒரு வாரம். கண்காட்சி முடியுற வரைக்கும் மாட்டியிருக்கட்டும், அப்புறம் நானே என் கையால கழட்டித் தர்றேன். தெருவுல யாருக்கும் தெரிய வேணாம்... என்ன சத்தம் அது, குழாயடியிலயா நிக்கிறீங்க?

ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா?

யாரு யாரு இருக்காங்க? எல்லாருமா?

...பஞ்சவர்ணம் அக்காவா? சொல்லுங்கக்கா. ஆமாக்கா, நான்தான் பேசுறேன். கேட்டீங்களா. எல்லாம் கேட்டுருச்சா. இல்லக்கா, நான் என்ன சொல்ல வந்தேன்னா... அப்படியா? இன்னிக்குத் தண்ணி இந்நேரத்துலயே விட்டுட்டானா? நல்லா வருதாக்கா? கடைசிக் குடம் வரைக்குமா? செண்பகத்துக்குமா?

யாரு, இவரா? குக்கரைத் தூக்கிட்டா வந்து நிக்கிறாரு? எங்க வீட்ல குடமே கிடையாதுக்கா. வாங்கினதே இல்ல. சிரிக்காதீங்கக்கா, அவரு பாவம்... சரி, சிரிங்க.

என்ன கேட்டீங்க? இவரை எத்தனாவதா நிறுத்தணும்னா?

செண்பகத்துக்குப் பின்னாடியே நிறுத்துங்கக்கா. ஆமாக்கா. அதுதான் எங்க இடம். வைக்கிறேன்.

என்னம்மா? ஒண்ணுமில்ல, கண்ணுல தூசி விழுந்துருச்சு. இல்ல, தூசியெல்லாம் இல்ல. வெக்கமா இருக்கும்மா. பஸ்ஸுல இத்தனை பேரு திரும்பிப் பாக்குறாங்களேன்னு வெக்கமில்ல. "திரும்ப மாட்டுங்க"ன்னு சொன்னேன் பாருங்க. அதை அந்தப் பொம்பளைங்க தண்ணி பிடிச்சுக்கிட்டே நின்னு கேட்டிருக்காங்க. கேட்டுட்டும் எனக்கு எந்த இடம்னு கேக்குறாங்க.

வேணாம்மா, கத்தரி வேணாம். நான் கை வெக்கக் கூடாது, அப்படித்தான் பேச்சு. இதை அப்படியே ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோறேன், அவங்க வந்து பிரிக்கட்டும். மேடம் கத்துவாங்க. கத்தட்டும். சுவத்துல என் பேருக்கு மேல ஒண்ணும் தொங்காது, அவ்வளவுதானே. காலையில அவங்களை நேர்ல பாத்துச் சொல்லிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிர வேண்டியதுதான்.

ஏம்மா, நீங்க சென்னைதானே? கிளாம்பாக்கத்துல எறங்கினா பக்கத்துல பாத்திரக்கடை எங்க இருக்கும்? பிளாஸ்டிக் குடம் ஒண்ணு வாங்கணும்.